பாசிசப் போக்குடைய சாம்பார்

அவளுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

விடுதிச் சாம்பாரில் புழு மிதந்ததைச் சொன்னதற்கு இடைநீக்கம். இன்றோடு ஒன்பது நாள். திங்கட்கிழமை தேர்வு. ஹால் டிக்கெட் இல்லை.

மூன்று இடதுசாரி மாணவர் அமைப்புகளும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுத்தால் யோசிக்கலாம் என்றிருந்தார் கல்லூரி முதல்வர். இன்று ஐந்து மணிக்குள்.

சொல்லும்போது சிரித்தார். மூன்றையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மணி மூன்றே கால்.

'பாசிச விடுதி நிர்வாகம்' என்றார் தோழர் மார்ட்டின்.

'பாசிசப் போக்குடைய' என்றார் தோழர் எழிலன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளவு இருந்தது. அது இவர்கள் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

மூன்றாவது அமைப்பின் தோழர் நிவேதாவைக் கேட்டால், நாடு இன்னும் நிலப்பிரபுத்துவத்தையே தாண்டவில்லை.

"போக்குன்னு போட்டா எங்க ஆளுங்க கையெழுத்துப் போட மாட்டாங்க தோழர்."

"உங்க ஆளுங்கன்னா எத்தன பேரு? நாலா?"

"ஆறு."

மணி நான்கு.

"அண்ணா, அஞ்சுக்கு ஆபீஸ பூட்டிருவாங்க."

"அவசரத்துல முடிவெடுக்குற விஷயமா தோழர் இது?"

நாலரைக்கு ஐக்கியம் பிறந்தது.

பாசிசத்தை எடுத்தார்கள். போக்கை எடுத்தார்கள். நிலப்பிரபுத்துவத்தையும் எடுத்தார்கள். ஒருவரை மட்டும் முன்னிறுத்துவது தனிநபர்வாதம் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அவள் பெயரை எடுத்தார்கள்.

யார் கையெழுத்தும் யாருக்கும் மேலே இருக்கக் கூடாது. அதனால் தாளின் அடியில், ஒரே கோட்டில், மூன்று கையெழுத்து. மூன்று முத்திரை.

கைதட்டினார்கள்.

அவள் வாங்கிப் படித்தாள்.

'நிலவும் சூழல் கவலையளிக்கிறது.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே, முத்திரைகள் வரை, ஒரு சாண் வெள்ளை.

"பேனா குடுங்க."

மார்ட்டின் மகிழ்ச்சியோடு நீட்டினார்.

தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி எழுதினாள்.

'சாம்பாரில் புழு இருந்தது. அதைச் சொன்ன ம. பேச்சியம்மாளின் (இரண்டாம் ஆண்டு விலங்கியல்) இடைநீக்கத்தை இன்றே ரத்து செய்ய வேண்டும்.'

எழிலன் எட்டிப் பார்த்தார்.

"தோழர், இதுக்கு நாங்க யாரும் ஒப்புதல் குடுக்கலயே."

அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

"கையெழுத்து கீழ இருக்குல்ல, அண்ணா."