கூட வேலை பார்க்கிறவன்

ஒரு வருடமாக வண்டிக்காரர் கையெழுத்துப் போட மறுத்துவந்த ஆபரேஷன் சம்மதத் தாள் அது. மணிக்கட்டில் நரம்பை அழுத்தும் தசைநாரை வெட்டிவிடாவிட்டால் கை ஒரேயடியாக மரத்துப்போகும் என்று டாக்டரம்மா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் மசியாதவர், இன்று மனைவியோடு தானாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னய்யா, திடீர்னு மனசு மாறிட்டீங்க?”

“கூட வேலை பாக்கிறவன் பண்ணிக்கிட்டான்மா. அவனுக்குக் கணுக்கால்ல. ரெண்டே ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, இறுக்கிப் பிடிச்ச நாரை வெட்டிவிட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன்.”

“உள்ளே விட்டாங்களா?”

“நான் கழுத்தைத் தடவிக் கொடுத்தாத்தான் அவன் அடங்குவான்.”

“இருபது வருஷத்துல என் கழுத்தை ஒரு நாள் தடவியிருக்காரான்னு கேளுங்கம்மா,” என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இப்ப அவர் எப்படி இருக்கார்?”

“நொண்டல் போயே போச்சு. பழையபடி வேலைக்கு வந்துட்டான்.”

பேனாவை வாங்கி, மரத்த விரல்களால் அழுத்திக் கையெழுத்துப் போட்டார் வண்டிக்காரர்.

“நல்லது. ஆபரேஷனுக்கு வரும்போது அந்த மோதிரத்தைக் கழட்டிட்டு வந்துடுங்க.”

“அதெல்லாம் தெரியும்மா,” என்றார் அவர், பெருமையாக. “அவனுக்கும் முதல்ல லாடத்தைத்தான் கழட்டினாங்க.”