துடைத்த விரல்

பகல் பதினொரு மணிக்கே வகுப்பறையில் விளக்கு எரிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வருஷா வருஷம்போல இப்போதும் பத்து நாளாகக் காடு பற்றி எரிய, புகை இந்தப் பக்கம் வந்து ஜன்னல், பெஞ்சு, வாக்குப்பெட்டி என்று எல்லாவற்றிலும் படிந்து கிடக்கிறது. மை வைக்கும் டீச்சர் பக்கத்தில் ஈரத்துணி வைத்திருக்கிறார். கரி படிந்த விரலில் மை தெரிவதில்லை. முதலில் துடைத்துவிட்டு, அப்புறம்தான் மை. காலையில் வெள்ளையாக இருந்த துணி இப்போது அடுப்புத் துடைத்ததுபோல் கிடக்கிறது. லாரி ஓட்டுநரின் மனைவி நாலு வயது மகளை இடுப்பில் சுமந்தபடி வந்து விரலை நீட்டுகிறாள். மகளின் மூச்சு விசிலடிக்கிறது. “போன தடவையும் நீங்கதான் மை வச்சீங்க டீச்சர். ரெண்டு அரசாங்கமும் உக்காந்து பேசி இந்தப் புகையை நிறுத்திடுவோம்னு சொல்லித்தானே ஓட்டு வாங்கினாங்க?” “பேசினாங்களேம்மா.” “என்ன பேசினாங்க?” “அடுத்து எப்பப் பேசலாம்னு.” வரிசையில் யாரோ சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொள்கிறார். அம்மா மகளை மேசையோரம் இறக்கிவிட்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போகிறாள். “எனக்கு?” என்று குழந்தை விரலை நீட்டுகிறது. மை வைக்க முடியாது, துடைத்தாவது விடலாமே என்று டீச்சர் அந்தக் குட்டிக் கையை எடுக்கிறார். கரி போகிறது. நகத்திலிருக்கும் நீலம் போகவில்லை. மைக்குப்பியைத் தொட்டுவிட்டதோ என்று அழுத்தித் துடைக்கிறார். “வரிசை நிக்குது டீச்சர்,” என்கிறார் தேர்தல் அதிகாரி. டீச்சர் அடுத்த விரலைத் துடைக்கிறார், அதற்கடுத்ததை, பிறகு மறு கையை. பத்து நகமும் நீலம். உதடும். மறைப்புக்குப் பின்னால் அம்மா யாருக்குப் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.