அன்னத்தாய் வாசிக்காத வரி

அன்னத்தாய்க்கு ஆங்கிலத்தில் ஒப்பிடத் தெரியுமா, தெரியாதா என்பது நூர் நிஷாவுக்குப் பிடிபடவில்லை. 1964-இல் பம்பாய் தாராவிப் பெண்களுக்காக நூர் நிஷா நடத்திய மதிய வகுப்பு அது. மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தால், "ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட்" என்று அன்னத்தாய் தட்டாமல் சொன்னாள். ஆனால், சுடலையைவிட மாசானம் உயரமானவன் என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதிய வரியை மட்டும் வாசிக்க மறுத்தாள்.

செம்பூர் மருந்துக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். வகுப்பில் ஆங்கிலம் வாசிப்பவர்களின் பட்டியலை நூர் நிஷா அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

"தெரியலன்னா சொல்லுங்கக்கா, இன்னொரு வாட்டி விளக்குறேன்."

"தெரியும் டீச்சர். தொண்டை கட்டிருக்கு."

"காலையில கொழாயடியில எங்கூட சண்டை போடும்போது நல்லாத்தான இருந்துச்சு," என்றாள் பக்கத்திலிருந்த தங்கத்தாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்னத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பட்டியலில் அவள் பெயரை அடிக்க நூர் நிஷா பேனாவைத் திறந்தாள்.

"அடிச்சிராதீங்க டீச்சர்," என்று தங்கத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "மாசானம்ங்கிறது அவ வீட்டுக்காரரு பேரு. அதை அவ வாயால எப்படிச் சொல்லுவா?"

கல்யாணமாகாத நூர் நிஷாவுக்கு இது தோன்றவேயில்லை. மாசானத்தை அழித்துவிட்டுக் காசிராஜன் என்று எழுதினாள். அன்னத்தாய் ஒரே மூச்சில் வாசித்தாள். அவள் பெயர் பட்டியலில் நின்றது.

இப்போது பின்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்தாள்.

மறுநாளிலிருந்து, பலகையில் ஒரு பெயரை எழுதும் முன், ஒவ்வொருத்தியின் வீட்டுக்காரர் பெயரையும் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டுக்கொண்டாள் நூர் நிஷா.