சீசனின் கடைசி வீடு

ஜன்னலுக்கு வெளியே இறங்குவதற்கு முன், வழக்கம்போல இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். மறுமுனை என் இடுப்பில்.

மூன்றாவது மாடி. ஏசியின் வெளிப்பெட்டி ஜன்னலிலிருந்து நாலு எட்டு தள்ளி, சன்ஷேடுக்கு மேலே தொங்குகிறது. இதை இங்கே மாட்டிய மகானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார். இங்கேயும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

நான் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சுவரில் அழுத்திக்கொண்டேன். அவர் நகர நகரக் கயிற்றை விட வேண்டும், திரும்பி வர வர இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. வெளியே எட்டிப் பார்க்க மாட்டேன். எனக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும்.

முன்பு என் தம்பிதான் பிடித்தான். வேறு வேலைக்குப் போனபோது, மாமாவைக் கட்டிப்போட இதைவிட நல்ல வழி உனக்குக் கிடைக்காதுக்கா என்று சிரித்துக்கொண்டே கயிற்றை என்னிடம் கொடுத்தான். ஆளுக்கொரு முனை. அவர் விழுந்தால் பின்னாலேயே நானும் ஜன்னல் வழியாகப் போவேன் என்பது எங்கள் வீட்டில் பழைய வேடிக்கை.

வேடிக்கைதான். ஆனால் உண்மையும் அதுதான்.

இன்று பாதத்தில் சுவர் சுடவில்லை. போன மாதம் இதே மாதிரிச் சுவர்களில் கால் வைக்க முடியாமல் துண்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

வெயில் காலம் முடிகிறது. ஊருக்கெல்லாம் அதை வானம் சொல்லும், எங்களுக்குப் போன் சொல்லும். கோடை முழுக்க விடிந்ததிலிருந்து அலறிக்கொண்டிருந்த போன் இப்போது சார்ஜ்கூட இறங்காமல் கிடக்கிறது. கடைகளில் ஏர்கூலர்களை உள்ளே தள்ளிவிட்டுக் குடைகளை முன்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலையில் காயப்போட்ட துணி சாயங்காலமும் ஈரமாகவே இருக்கிறது.

"இனிமே எதுக்கு ஏசி, ராத்திரி ஃபேனே குளிருது" என்றாள் வீட்டுக்காரம்மா. கீழ் வீட்டுப் பால்கனியில் தண்ணீர் சொட்டுகிறதென்று சண்டை வந்திருக்காவிட்டால் எங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எங்கள் தொழிலில் எல்லாரும் அலுத்துக்கொள்ளும் இந்த முடிவுக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

என் வலது கை. சீசன் தொடங்கும்போது விரல் நுனிகள் மரத்துப்போயின. பிறகு துணி பிழிய வரவில்லை. ஒருநாள் தண்ணீர் டம்ளர் தானாக நழுவி விழுந்தது. அவர்தான் குனிந்து துடைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் நான் போய்ப் பார்த்த டாக்டர் நரம்பு என்றார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கயிறு பிடிக்க யார் வருவார்கள்? வருகிறவன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறுகையால் பிடிப்பான். அதற்கு என் அரைக் கை மேல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் உயிர் இல்லை, அவருடையது.

இது கடைசி வீடு. வேலை முடிந்ததும் படிக்கட்டிலேயே சொல்லிவிடுவேன். என்னால இனிமே முடியாதுங்க. அவ்வளவுதான் வாக்கியம். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அதன் வெட்கம்கூடத் தேய்ந்துவிட்டது. முடியாது என்றால் முடியாது.

"கொஞ்சம் விடும்மா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

முன்பெல்லாம் வாயே திறக்க மாட்டார். கயிற்றை ஒருமுறை சுண்டினால் விட வேண்டும், இருமுறை சுண்டினால் இழுக்க வேண்டும். இந்தக் கோடையின் பாதியிலிருந்து சுண்டுவதை விட்டுவிட்டார், குரல் கொடுக்கிறார். வயசாக ஆகப் பேச்சு கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றை விடும்போது விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. இடது கையும் பதறி விட்டுவிட்டது. கயிறு என் மடியில் விழுந்தது.

வெளியே அவருடைய செருப்பு சன்ஷேடில் உரசி உரசி நகரும் சத்தம் கேட்டது. அவர் ஓர் அடி நகர்ந்தால் கயிறும் ஓர் அடி ஓட வேண்டும்.

மடியில் கிடந்த கயிறு அசையவில்லை.

எழுந்தேன். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக வெளியே எட்டிப் பார்த்தேன்.

அவர் அந்தக் கோடியில், ஒரு கையால் பெட்டியின் ஸ்டாண்டைப் பிடித்தபடி மறுகையால் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம் இருந்தது. காற்று அவர் சட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இடுப்பில் பெல்ட்டைத் தவிர ஒன்றுமில்லை.

கயிற்றின் முனை ஜன்னலுக்குக் கீழேயே, மழைநீர்க் குழாயில் கட்டியிருந்தது. நான் பார்த்துப் பார்த்து விட்டதெல்லாம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த டம்ளர் விழுந்த நாளிலிருந்தா, எத்தனை வீடுகளாக இப்படி என்று தெரியவில்லை. போனால் தனியாகப் போவதென்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முடிவு செய்திருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த இடத்தில் நிற்கிறவருக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல் போதும்.

வாயை மூடிக்கொண்டேன்.

சத்தமில்லாமல் கீழே உட்கார்ந்தேன். பாதங்களைச் சுவரில் வைத்தேன். கயிற்றை இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டேன்.

வெளியே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"நல்லா புடிச்சிருக்கியாம்மா?"

"புடிச்சிருக்கேங்க" என்றேன்.