துரைக்குப் போட்ட கதிரை

“நான் சொன்னாலும் நம்பாதேங்கோ. செடியைப் போய்ப் பாருங்கோ.”

தோட்டத்து வாத்தியார்களுக்குப் பூச்சிப் பாடம் எடுக்கக் கண்டியிலிருந்து வந்திருந்த வீரசிங்கம் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

கோப்பிச் செடியை அழிக்கும் பூச்சியை முசுறு எறும்பு தின்கிறதா, இல்லையா? அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தின்கிறது என்பது புசல்லாவைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கட்சி. நாலு நிரைச் செடியில் முசுறுக் கூடுகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அங்கே பழம் பறிக்கிற வேலாயி தினமும் எறும்பிடம் கடிபட்டு உடம்பெல்லாம் தடிப்போடு வீடு வந்தாள். அவள் புருஷன்தான் சின்னமுத்து வாத்தியார்.

சின்னமுத்து அந்தச் செடிகளைக் கண் வலிக்கப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“ஐயா, எங்க திங்குது? பூச்சியத் தடவித் தடவி, அது விடுற தேனைக் குடிக்குது. பூச்சிக்குக் காவலே அதுதான். துரைகிட்ட சொல்லிருங்க. நாளைக்கு மலை முழுக்க விடப் போறாராம். பொம்பளைங்க பாடு என்னாகும்?”

“பாப்பம்” என்றார் வீரசிங்கம்.

மறுநாள் துரை வந்தார். “வாத்தியார், எறும்பு பூச்சி திங்குதா?”

“துரை சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்று குழைந்தார் வீரசிங்கம். “ஒருக்கா கிட்ட இருந்து பாருங்கோ.”

செடியடியில் கிடந்த கதிரையைத் தன் சால்வையாலேயே துடைத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த சின்னமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம், துரையைக் கண்டால் கூழைக் கும்பிடு.

துரை உட்கார்ந்தார். கிளையை ஒதுக்கிக் குனிந்தார்.

அப்புறம் தொப்பி ஒரு பக்கம் போனது, கோட்டு ஒரு பக்கம் போனது. கால்சட்டையையும் உதறிவிட்டுத் துரை ஓடையில் குதித்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே உத்தரவு போட்டார்.

“எல்லாக் கூடும் நெருப்பு வை. இன்னைக்கே.”

சிரித்துச் சிரித்துச் சின்னமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. கண்டிக்குப் புறப்பட்ட மாட்டு வண்டிவரை பின்னாலேயே போனார்.

“சாமி புண்ணியத்துல தப்பிச்சோம். நீங்க வாயே தொறக்கலையே ஐயா.”

வீரசிங்கம் வண்டியில் ஏறி, கூண்டைப் பிடித்துக்கொண்டு கூனி நின்றார்.

“கண்டி வரைக்கும் நின்னுக்கிட்டா போவீங்க? உக்காருங்க.”

“இருக்கேலாது, தம்பி. கதிரையை எங்கை போட்டால் நல்லாக் கடிக்கும் எண்டு நேற்றுப் பின்னேரம் முழுக்க நான்தான் இருந்து இருந்து பாத்தனான்.”