ஊக்கு நிற்கும் இடம்

அண்ணன் தங்கையின் மடியிலிருந்து பாதி பின்னிய குழந்தைச் சட்டையைப் பிடுங்கி, பின்னல் கொக்கியை உருவி எறிந்துவிட்டு நூலை இழுக்கிறான். பின்னல் வரிசை வரிசையாகப் பிரிகிறது. "அப்பன் பேரு தெரியாத பிள்ளைக்குச் சட்டை ஒரு கேடாடி?" வரிசை எண்ண மாட்டியிருந்த வண்ண வளையங்கள் தெறித்து வெயிலில் உருள, ஒன்று அவன் செருப்படியில் நொறுங்குகிறது. அவள் மேடிட்ட வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டு நூலையே பார்க்கிறாள். நூல் சட்டென்று நிற்கிறது. நின்ற இடத்துக் கண்ணியில் ஓர் இரும்பு ஊக்கு பூட்டிக் கிடக்கிறது. அவன் நூலை விரலில் சுற்றி வெறியோடு இழுக்கிறான். நூல் சதையை அறுக்கிறது, ரத்தம் சொட்டுகிறது. "வளையம் கணக்குக்குண்ணா. ஊக்கு உனக்காகப் போட்டது." குனிந்து கொக்கியை எடுக்கிறாள். அவன் விரலில் இறுகியிருக்கும் அதே நூலில் அடுத்த கண்ணியைப் போடுகிறாள்.