பட்டாணிக்கு ஒரு பீரியடு

"ஒரு பட்டாணியோட பேருக்கு முழுசா ஒரு பீரியடா டீச்சர்?"

மருந்துக்கடைக்காரர் ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். எதையும் நாலு பேர் காதில் விழும்படி கேட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறவர். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

"மரபியல் பாடம், பரீட்சைக்கு வர்றது. பக்கத்து செக்‌ஷன்ல ஹோம்வொர்க்கே குடுத்தாச்சு. என் பொண்ணு என்னடான்னா, பட்டாணிக்கு லத்தீன் பேராம், பைசம் சட்டைவம், பைசம் சட்டைவம்னு வீடு பூரா பாடிக்கிட்டுத் திரியுறா."

உயிரியல் டீச்சர் பேனாவை மூடினார். "லேபுக்குப் போய்ப் பேசலாம் சார்."

"ஏன், இங்க சொல்லப் பதில் இல்லையா?"

"இருக்கு. வாங்க."

டீச்சர் தன் பாட்டுக்கு நடந்தார். ஆள் பயந்துவிட்டார் என்கிற திருப்தியோடு இவரும் பின்னால் போனார்.

லேப் கதவைச் சாத்திவிட்டு டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அந்தப் பேருக்கு அர்த்தம் சொன்னாளா?"

"அதைத்தானே சொல்லிச் சொல்லி உயிரை வாங்குறா. சட்டைவம்னா விதைச்சு வளர்த்ததாம். தானா முளைச்சது இல்லையாம், மனுஷங்க வேணும்னு ஆசைப்பட்டு விதைச்சதாம். இதுக்கு மார்க் போடுவாங்களா?"

"பக்கத்து செக்‌ஷன் ஹோம்வொர்க் என்னன்னு தெரியுமா சார்?"

"ஏதோ ஜாலியான வேலைன்னு கேள்விப்பட்டேன்."

"அப்பா காது, அம்மா காது, தன்னோட காது, மூணையும் வரையணும். யாரை மாதிரி இருக்குன்னு எழுதி, மறுநாள் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் படிக்கணும்."

மருந்துக்கடைக்காரரின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தத்தெடுத்த பொண்ணு, அவளுக்கு இன்னும் தெரியாது, நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்னு சேர்க்க வந்த அன்னைக்கு என்கிட்ட சொன்னீங்க. அதான் நான் அந்த வேலையைக் குடுக்கல. பாடத்தை நாளைக்கே முடிச்சிடுவேன் சார். மார்க்குக்கு நான் பொறுப்பு."

மருந்துக்கடைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லணும்னு தினமும் நினைக்கிறோம் டீச்சர். எப்படித் தொடங்குறதுன்னு தெரியல. வாய் வர மாட்டேங்குது."

"அதுக்குத்தான் சார் பேர்ல இருந்து தொடங்கினேன். தானா வந்தது இல்ல, ஆசைப்பட்டு வளர்த்ததுன்னு பாதியை நான் சொல்லிட்டேன். மீதியை நீங்க சொல்லிடுங்க."